சாவிகுடு அண்ணனும் எங்கள் முழுகின காரும்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லித் தப்பிக்கலாம். வெள்ளத்தில் முழுகின காரை வைத்துக்கொண்டு சாவிகுடு அண்ணனிடம் மட்டும் தப்பிக்க முடியாது. அம்பத்தூர் மேனாம்பேட்டில் அப்படி முயன்று பார்க்காத ஆளும் இல்லை, ஜெயித்த ஆளும் இல்லை.

அவர் கார் எலக்ட்ரீஷியன். எங்கள் தெரு முனையில் ஒரு தகரக் கொட்டகைதான் கடை. கடைப் பலகையில் ஒரு காலத்தில் அவருடைய நிஜப் பெயர் இருந்ததாம், ஏதோ ஒரு மழையில் அது கரைந்துபோயிற்றாம். அப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரிடம் போனால் வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. கையை நீட்டி, "சாவி குடு" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வாங்கின சாவியை வேலை முடிகிறவரை தரமாட்டார். அது போதாதென்று பேட்டரி வயரைக் கழற்றி, அதன் நட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். காரணம் உண்டு. தண்ணீர் புகுந்த காரில் செய்யவே கூடாத காரியம் சாவியைத் திருப்புவது. ஈர வயரில் கரண்ட் பாய்ந்தால், பிழைத்திருக்க வேண்டிய பாகமும் பொசுங்கிப்போகும். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும், தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். 'சும்மா ஒரு வாட்டி பார்க்கலாமே' என்று கை அரிக்கும் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டு பேங்க்காரர் ஒருமுறை அவரிடம் கெஞ்சினார்.

"அண்ணா, ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரே ஒரு தடவை பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

"தண்ணில முழுவி மயக்கமா கீறவன தட்டி எயுப்பி, ஓடுடா பாக்கலாம்னு சொல்லுவியா நீ?"

"இல்ல, கொஞ்சம் அர்ஜென்ட்..."

அவ்வளவுதான். 'அர்ஜென்ட்' என்று சொன்னவர் வண்டி வரிசையில் கடைசிக்குப் போய்விடும். பேங்க்காரர் அதை இரண்டு தடவை சொல்லித் தொலைத்தார். கார்த்திகையில் பேங்க் வாசலில் முழுகின கார் பொங்கல் கழித்துத்தான் வீடு திரும்பியது.

இன்னொரு பிடிவாதம், பல் துலக்கும் பிரஷ். வயர்கள் சேருமிடத்தில் அப்பியிருக்கும் சேற்றை அதை வைத்துத்தான் சுரண்டுவார். புதுசு வாங்கிக் கொடுத்தால் வீசி எறிவார். "புச்சு குத்தும். பயசுதான் பதமா கீது" என்பார். அவர் வேலை பார்க்கிற வீட்டிலிருந்துதான் பிரஷ் வரவேண்டும். மழைக்காலம் முடிந்தால் எங்கள் வட்டாரத்தில் எல்லார் பிரஷ்ஷும் புதுசாக இருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கார் என்னுடையதல்ல. என் மனைவி சுமதியுடையது. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்று, சொந்தச் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கிய கார். எனக்கு ஓட்டவே வராது. அதனால் காரைப் பற்றி ஆலோசனை சொல்வது என் இலாகா.

அந்த மழையில் ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் சுமதி கேட்டாள். "என்னங்க, எல்லாரும் காரைப் பாலத்து மேல கொண்டுபோய் நிறுத்துறாங்க. நம்மளும் நிறுத்திடலாமா?"

"நம்ம தெருவுக்கெல்லாம் தண்ணி வராது. பதினஞ்சு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன் நான், காபியை ஆற்றிக்கொண்டே.

விடிந்தபோது கார் சீட்டுவரை தண்ணீரில் நின்றது. சுமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. எனக்கு முன்பே எழுந்து காரைப் பார்த்துவிட்டு வந்த சுமதிக்குக் கண் சிவந்திருந்தது. "யாரும் அதைத் தொடக்கூடாது. சாவிகுடு அண்ணன் வரட்டும்" என்று சொல்லி, அடுப்படியைக் கழுவப் போய்விட்டாள்.

நான் கார் பக்கத்தில் போய் நின்றேன். கை அரித்தது. திருப்பினேன். வைப்பர் ஒருமுறை எழுந்து படுத்தது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், கூடவே பொசுங்கின வாடை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். அது முந்தாநாள் பேப்பர்.

சாவிகுடு அண்ணன் வந்தார். "சாவி குடு." கொடுத்தேன்.

"திருப்பினியா?"

"ஐயய்யோ, இல்லண்ணே!"

"தங்கச்சி, நீ?"

"நான் கிட்டவே போகலண்ணா."

"உம்" என்றார். நான் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் எட்டு நாள் எங்கள் வீடு வீடாக இல்லை. சீட்டுகள் மொட்டைமாடியில் காய்ந்தன, கம்பளம் காம்பவுண்டு சுவரில் தொங்கியது. அண்ணன் பியூட்டி பார்லரிலிருந்து தலைமுடி உலர்த்துகிற மெஷினைக் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொரு வயராகக் காயவைத்தார். ஆறாம் நாள் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் கார் கோளாறு பிடித்து ஆடியது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது, இண்டிகேட்டர் போட்டால் பின் கண்ணாடி இறங்கியது. "யோவ், உன்ன யாரு கூப்டா? மேல ஏறு!" என்று கண்ணாடியை அதட்டினார். அது ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏறியது.

இன்ஜின்தான் வாய் திறக்கவில்லை. காரின் கம்ப்யூட்டர் பெட்டி போயிருந்தால் வண்டியைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். சுமதி தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கியதும், பையைக்கூட வைக்காமல், "உயிர் வருமாண்ணா?" என்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு வயர்க்கொத்து.

"இத்த பாரு. பச்சையா கீதா? இது தண்ணி பண்ண வேல. இத்த பாரு. கருப்பா கீதா?"

"ஆமாண்ணே."

"இது ஆளு பண்ண வேல."

நெடுஞ்சாண்கிடையாக விழாத குறைதான். "அண்ணே, ஒரே ஒரு வாட்டிதான். சுமதிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாலத்து விஷயத்துலயே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறா."

"நவுரு. வெளிச்சத்த மறைக்காத" என்று மட்டும் சொல்லி, பிரஷ்ஷால் சுரண்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை, கருகினதை வெட்டி ஒட்டி முடித்து, சாவியைச் சுமதியிடம் நீட்டினார். "நீயே போடு தங்கச்சி." அவர் தானாகச் சாவி கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். சுமதி திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் ஓடியது. அவள் ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து பேங்க்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "கருகியிருந்துச்சாமே? யாரு திருப்புனது, சாரா, இல்ல டீச்சரா?"

நான் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் சாவிகுடு அண்ணன். "டெஸ்ட் பண்ண சொல்லோ அவசரப்பட்டுட்டேன்."

பேங்க்காரர் விடுவாரா? அம்பத்தூர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். மாதக்கணக்கில், சின்னப் பசங்கள்கூட "அண்ணாத்தே, நீயே திருப்பிட்டியாமே?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அவர் வாயே திறக்கவில்லை. பால் பாக்கெட் கசிந்தால் அரை நாள் சண்டை போடுகிற சுமதி, "பரவால்லண்ணா" என்று மட்டும் சொல்லி, அவருக்கு வடை மேல் வடையாக வைத்தாள். என் ஜாதகம் நல்ல ஜாதகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. போன மழையில், மரியாதையாகக் காரைப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மனசு உறுத்தியது. சொல்லிவிட்டேன்.

"சுமதி, அன்னைக்குச் சாவியைத் திருப்பினது நான்தான்."

அவள் ஓடிக்கொண்டிருந்த வைப்பரை நிறுத்தினாள். "எத்தனை மணிக்கு?"

"எட்டு இருக்கும்."

"நான் ஆறு மணிக்கே திருப்பிட்டேங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் நாளே கடைக்குப் போய் அவரிடம் அழுதிருக்கிறாள். 'நானே தொட்டுட்டு ஊருக்கெல்லாம் தொடாதேன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா.' நான் கெஞ்சின அதே கெஞ்சல். சிரித்துச் சிரித்து இருவருக்கும் விலா வலித்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. எங்கள் இரண்டு பேர் மானத்துக்காக அந்த மனிதர் தன் தொழில் பேரை அல்லவா தெருவில் விட்டிருக்கிறார்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போய் நின்றோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொல்லிகினீங்களா?"

"சொல்லிட்டோம்ணே."

"அப்பாடா! ரெண்டு பேரு ரகசியத்த ஒர்த்தன் எவ்ளோ நாளுதான் வெச்சிகினு கீறது? வயிறு ஊதிட்ச்சி நைனா."

"பேங்க்காரர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்ணே."

"வாணாம். அந்தாளு முன்னால நீங்க தல குனிஞ்சா எனக்கு இன்னா வரப் போது? போ, போய் வேலயப் பாரு."

கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத சுமதி, அன்றிலிருந்து பட்டப்பெயரை விட்டுவிட்டாள். 'எங்க அண்ணன்' என்றுதான் சொல்கிறாள். அப்படியானால் எனக்கு என்ன முறை? மச்சான் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "இன்னா மாமே?" என்று திரும்பினார்.