என் அம்மிக்குக் குழவி கேட்டு எழுதியது

தேவிகுளத்துக்கு மேலே, பழைய லயம்
செவ்வாய்க்கிழமை

என் உடன்பிறந்த சாந்தம்மாளுக்கு அக்காள் வேலுத்தாய் தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். சித்திரபுரத்தில் நீயும் உன் மகனும் சுகமாக இருக்கக் கருப்பசாமி துணை நிற்கட்டும். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், என் பேத்தி இந்துவின் காதுகுத்துக்கு வந்து, கறிக்கு மசாலா அரைக்கிறேன் என்று என் அம்மி முன்னால் உட்கார்ந்தாயே, அன்றோடு என் குழவியைக் காணோம். நீ கட்டியிருந்தது தவிட்டு நிறச் சேலை. கறியில் உப்புக் கம்மி. சாயங்காலம் நீ பையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்காட்டு இறக்கத்தில் போனபோது இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாய். வெறும் பைக்கு யாராவது சாய்வார்களா? எனக்கு எதுவும் மறக்காது.

இதைக் கேட்டு ஒன்பது வருசத்துக்கு முன்பே உனக்கு ஒரு கடுதாசி வந்ததே, அது நான் சொல்லி, எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த மத்தியாஸ் சார் எழுதியது. நான் சொன்ன சொற்களில் ஒன்றைக்கூட இந்து இருக்கும்போது திரும்பச் சொல்ல முடியாது. பதிலுக்கு நீ ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பினாய். திட்டு வாங்கினவள் ஊறுகாய் அனுப்புவாளா? சரி, நக்கல் பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒன்பது வருசம் பேசாமல் இருந்தேன். ஊறுகாயை மட்டும் தின்றேன், பண்டம் என்ன பாவம் செய்தது. போன மாசம் மத்தியாஸ் சாரைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டால், மனுசன் சிரிக்கிறார். “நீங்க சொன்னத அப்படியே எழுதியிருந்தா தாள் பத்திக்கிட்டிருக்கும்மா. ‘உன் நினைவாகவே இருக்கிறேன் தங்கமே’ன்னு எழுதி ஒட்டிட்டேன்.” தங்கமாம்! அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி என் திட்டை நானேதான் எழுதுவேன். (வேல்முருகா, உன் அம்மாவுக்கு நீதானே இதை வாசித்துக் காட்டுகிறாய்? ஒரு சொல் விடாமல் வாசி. இதமாக்கினாயோ, பெரியம்மா நேரில் வருவேன்.)

இந்து இப்போது வாத்தியார் படிப்பு முடித்துவிட்டு, வாயனசாலையில், அதுதான் நம்ம ஊர்ப் படிப்பகத்தில், சாயங்காலம் எழுத்து வராத பிள்ளைகள் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஏழாவதாக நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து தெரியும், மூன்றாம் வகுப்பு வரை போனேன். ஆனால் மூன்று நாளில் “சாந்தம்மாளே” என்ற ஒரு சொல்தான் தாளில் நின்றது. திருடி என்று எழுதி அடித்தேன், கள்ளி என்று எழுதி அடித்தேன், ஒன்றிலும் போதுமான காரம் இல்லை. இந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருத்துவாள் என்று பேனாவை நீட்டினால் வாங்கவில்லை.

“ஆச்சி, எதுக்கு ஒவ்வொரு சொல்லா எடுத்து எடுத்து வீசுறீங்க?”

“முப்பத்தாறு வருசம் கொழுந்து எடுத்த கைடி இது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. முத்தல் ஒண்ணு விழுந்தாலும் கங்காணி கூடையையே கவுத்துருவான்.”

இந்து துள்ளி எழுந்து, அந்த ஆறு பேரில் ஒருத்தியான மௌனிகாவைப் பார்த்தாள். “அட, மௌனிகாவும் இதனாலதானா! ஒரு வரி எழுதுவா, ரப்பர் வச்சுத் தேச்சுத் தேச்சுத் தாள்ல ஓட்டையே விழுந்துரும். சோம்பேறின்னுல்ல நெனச்சேன்! ஏ புள்ளைகளா, எல்லாரும் கேளுங்க. இங்க கங்காணி கெடையாது. முத்தல், குச்சி, பூச்சி எல்லாத்தையும் அள்ளிப் போடுங்க. பொறுக்குறது நாளைக்கு.”

அவ்வளவுதான் சாந்தம்மா, மடை திறந்துவிட்டது. ஆறு வயதில் நீ என் ரிப்பனை ஆட்டுக்குட்டிக்குக் கட்டியது, அது அதை மென்று தின்றது, அடி மட்டும் எனக்கு விழுந்தது, எல்லாம் எழுதினேன். பதினாலு பக்கம்! கிழவி தாளை உழுகிறதைப் பார்த்து மௌனிகா ரப்பரைப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் திட்டி எழுதினாள். நல்ல பிள்ளை, முன்னுக்கு வருவாள்.

மறுநாள் பொறுக்குகிற நாள். இந்து பேனாவைத் தொடவேயில்லை, கேள்வியாகக் கேட்டே உயிரை எடுத்தாள். “குழவின்னு மட்டும் எழுதுனா எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்ப மூணு வயசு, காது வலிச்சு அழுதுகிட்டு இருந்தேன். காட்டுங்க.” காட்டினேன்: கறுப்புக் கல், பூனைக்குட்டி நீட்டிப் படுத்த நீளம், நடுவில் வயிறு வைத்தது, ஒரு முனையில் புளியங்கொட்டை அளவுக்கு மூளி. “சரி, இதக் கேட்டுட்டுச் சின்ன ஆச்சி என்ன செய்யணும்?” குழவியைத் தரணும் என்றேன். “வேல்முருகன் சித்தப்பாகிட்ட குடுத்து விட்டாப் போதுமா?” போதாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் சிரித்தாள். எனக்குக் கோபம். பதினாலு பக்கத்தில் பத்தை அடித்தேன்.

ஆகவே இதுதான் விஷயம். வருகிற வெள்ளிக்கிழமை நீ மகனோடு பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்துக்கே குடி போகிறாயாமே, மருமகள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்ள. அங்கே மாட்டைக்கூட “வாங்க, தண்ணி குடிங்க” என்றுதான் கூப்பிடுவார்களாம். உன் வாய்க்கு மாடு கறப்பதை நிறுத்திவிடும். போகட்டும். வண்டி ஏறுவதற்குள் என் குழவியை நீயே, உன் கையாலேயே கொண்டுவந்து தரவேண்டும். வேறு யார் கொண்டுவந்தாலும் கதவு திறக்காது. நீ வந்தால் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வா.

உன் மகன், மருமகள், பேரன் பேத்தி, மாடு கன்று எல்லாம் நோய்நொடி இல்லாமல் பெருகி வாழ என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் குழவி வந்த பிறகு.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்காள்,
வேலுத்தாய்

பின்குறிப்பு: சோறு வைத்து ஒட்டின கவரைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இந்து தண்ணீர் மொள்ளப் புழக்கடைக்குப் போனவள், “ஆச்சி, கறுப்பு! வயிறு! மூளி!” என்று கத்தினாள்; தண்ணீர் டிரம்முக்கு அடியில் கிடக்கிறது என் குழவி. சரிவான தரையில் நீல டிரம் ஆடுகிறதே என்று அதற்கு முட்டுக் கொடுத்தது நான்தானாம், காதுகுத்தன்று, விருந்துக்குத் தண்ணீர் நிரப்பும்போது. பத்தொன்பது வருசமாகத் தினமும் அந்த டிரம்மில்தான் தண்ணீர் மொள்கிறேன். உன் பையில் இருந்தது நான் கொடுத்த பலாப்பழம் என்று என் மகன் சொல்கிறான். சேலை தவிட்டு நிறம்தான், அதில் மாற்றமில்லை. உப்பும் கம்மிதான். இன்னொரு தடவை எழுதுங்கள் என்கிறாள் இந்து. கடுதாசி வாங்கிப்போக ஜீப்பை நிறுத்திவிட்டு மாரீஸ்வரன் ஹாரன் அடிக்கிறான், கையும் வலிக்கிறது. மேலே இருக்கிறதில் எதை அடிக்கணுமோ நீ வந்து அடி, பேனா தருகிறேன். ஆனால் வா. குழவியைக் கழுவி வைத்துவிட்டேன், மசாலா நீதான் அரைக்கணும். வரும்போது நல்ல கனமான கல் ஒன்று கொண்டுவா, டிரம் சாய்கிறது.