முப்பது நொடி மந்திரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் கத்திய கதை சொல்லப் போகிறேன்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பின்புறத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு சாம்பல் நிறக் காரைச் சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தார்கள். முதுகுவலி என்று ஆறு மாதமாகப் படியிறங்காத மூன்றாம் மாடிக்காரர்கூட முன்வரிசையில் இருந்தார். அந்தக் காரில் இருந்த பேய் செய்த முதல் நன்மை அதுதான்.

கார் ஒரு பெண்ணுடையது. டிரைவரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பிறகு வேலைக்குப் போகிறவர்களை அலுவலகத்துக்கும் கொண்டு விடுவாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் சோறும் படிப்பும் அந்த நான்கு சக்கரத்தின் மேல்தான் ஓடின.

ஒரு நண்பகல், பூட்டி நிறுத்திய கார் தானாகக் கத்தியது. விளக்குகள் நான்கும் கண்ணைச் சிமிட்டின. அவள் ஓடிவந்து திறந்து, மறுபடி பூட்டிவிட்டுப் போனாள். மறுபடியும் கத்தியது. உள்ளே ஆளில்லை. ஆளில்லாமல் கத்தினால் பேய்தானே? ஆள் இருந்து கத்துகிற வீடுகளைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

யாரோ ஆவியடக்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் கை வைத்துவிட்டு, முன்பு இதை யார் வைத்திருந்தது என்று கேட்டார். ஒரு வாத்தியார், விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றாள்.

“ஊரை விட்டு இல்லம்மா,” என்றார் ஆவியடக்கி. “உலகத்தை விட்டு.”

அப்புறம் என்ன? கோழிமுட்டை அளவுக்கு ஒரு பித்தளைத் தாயத்தை நீளமான கறுப்புக் கயிற்றில் கோத்து, உள்கண்ணாடியில் தொங்கவிட்டார். ஆவி வெளியேற வேண்டும் என்பதால் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கியே வைக்கச் சொன்னார். பேய்க்கும் காற்றோட்டம் வேண்டுமாம்.

முதல்நாள் இரண்டுமுறை கத்திய கார், தாயத்து ஏறியதிலிருந்து ஒருநாளைக்கு ஆறுமுறை கத்தியது. ஆவி எதிர்க்கிறது என்று இரண்டாவது தாயத்து வந்தது. அதற்கும் அடங்காமல் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அவர் காரின் மேல் கை விரித்து மந்திரம் சொல்வார். மந்திரம் முடியும்போது சத்தமும் முடியும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும். ஆனால் தாய்மார்கள் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றுவதை நிறுத்தினார்கள்.

கடைசியில் ஆவியடக்கி தீர்ப்புச் சொன்னார். வண்டி கைமாறினால்தான் குடும்பம் தப்பும். அவருடைய மச்சான் பழைய கார் வாங்கி விற்பவர். பேய் பிடித்த வண்டியைப் பெரிய மனசு பண்ணி, டயர் விலைக்கு எடுத்துக்கொள்வார்.

நாற்பது பேர் கூடி நின்றது அந்தக் கையெழுத்து நாளில்தான். மச்சான் பேனாவோடு வந்து நின்றார். டிரைவரக்கா சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவள் நாத்தனார் வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வாரம் வெளியூரில் பயிற்சி. பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன் கார் கத்தியது. ஆவியடக்கி மந்திரத்தைத் தொடங்கினார்.

நர்ஸ் கை தானாகச் சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்துக்குப் போனது. எந்தத் துடிப்பைக் கேட்டாலும் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற கை அது. முப்பது நொடியில் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி கத்தியது. முப்பது. மூன்றாம் முறை ஆவியடக்கிக்குப் பாதி மந்திரத்தில் இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கார் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதே முப்பது.

“அண்ணி, கையெழுத்துப் போடாதீங்க,” என்றாள். “வண்டிப் பேப்பர்ல அந்த வாத்தியார் நம்பர் இருக்கும், எடுங்க.”

போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். மறுமுனையில் வாத்தியார் பேசினார். தான் உயிரோடுதான் இருப்பதாகவும் மகள் வீட்டுக்குக் குடிபோனதாகவும் சொன்னார்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. “பார்த்தீங்களா?” என்றார் ஆவியடக்கி. “இப்போ போன்லயே வந்துருச்சு.”

நாற்பது தலைகள் ஆமாம் என்று ஆடின. செத்தவர் பேசுகிறார் என்று நம்பினார்கள். சாகவில்லை என்பதை நம்ப ஆளில்லை.

வாத்தியார் கோபப்படவில்லை. நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர். காரோடு தொழிற்சாலையிலிருந்தே வருகிற திருட்டுத் தடுப்பு அலாரம் அது என்று பொறுமையாகச் சொன்னார். கதவையோ பானெட்டையோ பூட்டியிருக்கும்போது திறந்தால், அங்கங்கே இருக்கிற சுவிட்சு காட்டிக்கொடுக்கும். சாவிக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. வேறு சாவி போட்டால் இன்ஜின் கிளம்பாது.

“கண்ணாடிக்குப் பக்கத்துல, கூரையில ரெண்டு சின்ன வட்டம் இருக்கும் பாருங்க,” என்றார். “அது நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ள விட்டு, திரும்பி வர்றதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். உள்ள எது அசைஞ்சாலும் திருடன்னு நெனச்சு முப்பது நொடி கத்தும். எதையாவது தொங்க விட்டிருக்கீங்களா?”

நர்ஸ் மூன்று தாயத்தையும் கழற்றினாள், ஜன்னலை ஏற்றினாள், பூட்டினாள். கால் மணி நேரம் ஆயிற்று. கார் நல்ல பிள்ளையாக நின்றது.

ஆவி ஓய்வெடுக்கிறது என்றார் ஆவியடக்கி. சிலர் அதற்கும் தலையாட்டினார்கள். கழுத்து பழகிவிட்டது.

நர்ஸ் திரும்பி, ஆவியடக்கி ஓட்டி வந்த காரைப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே ரகம். உள்கண்ணாடி மொட்டையாக இருந்தது.

“ஊருக்கெல்லாம் தாயத்து கட்டுறீங்க. உங்க வண்டியில ஏன் ஐயா ஒண்ணுமே தொங்கல?”

“என்னைக் கண்டாலே ஆவி ஓடிடும்மா.”

“அப்போ பயமில்லை. சாவியைக் குடுங்க.”

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பேனாவைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். சாவி மெதுவாக வந்தது.

அவருடைய தாயத்து, அவருடைய கண்ணாடி, ஜன்னல் ஒரு விரல் இறக்கம். பூட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். காற்று வந்தது. தாயத்து ஆடியது. ஆவியடக்கியின் கார் ஆவியடக்கியைப் பார்த்துக் கத்தியது.

பழக்கத்தில் அவர் கை விரித்தார்.

“வாயைத் தெறக்காதீங்க,” என்றாள் நர்ஸ். “எல்லாரும் எண்ணுங்க.”

முதலில் டிரைவரக்கா ஒருத்திதான் எண்ணினாள். பத்து வரும்போது பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். இருபதில் முழுக் கூட்டமும். முப்பது என்று நாற்பது வாய் சொன்னபோது கார் அடங்கியது. எண் தெரிந்த யாரும் சொல்லக்கூடிய மந்திரம் அது.

மூன்றாம் மாடிக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. “அப்போ வாத்தியார் ஆவி இந்த வண்டிக்கு மாறிடுச்சா?”

இன்னும் துண்டிக்காத போனிலிருந்து பதில் வந்தது. “நான் எங்கயும் மாறலைங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன். வச்சிடட்டுமா?”

டிரைவரக்கா சிரித்த சிரிப்பில்தான் மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது. அவள் சாம்பல் காரைக் கூட்டிப் பெருக்கியபோது, பின் இருக்கையின் அடியில் காற்றுப்போன பலூன் ஒன்று கிடைத்தது. பிறந்தநாளுக்குப் போன பிள்ளை ஒன்று விட்டுப்போனது. முதல்நாள் காருக்குள் மிதந்த பேய் அதுதான். மச்சான் கடையிலோ, அக்கம்பக்கத்தில் பேய் பிடித்ததாகச் சொல்லி வாங்கிய ஏழு கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு நின்றன. குறையில்லாத வண்டிகள் என்று பலகை தொங்கியது. அது மட்டும் உண்மை. மறுநாள் சேதி தெரிந்து, பழைய சொந்தக்காரர்கள் தங்கள் வண்டியைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை சாம்பல் கார் ஆறு பிள்ளைகளோடு பள்ளிக்குக் கிளம்பியது.

என் கண்ணுகளா, தகரத்தால் செய்த வண்டிகூட, உள்ளே வேண்டாதது அசைந்தால் கத்துகிறது. நம் தலைக்குள் எவன் எதைத் தொங்கவிட்டாலும் சும்மா இருக்கிறோமே. கொஞ்சம் கத்துங்கள். கேள்வி கேட்கிற ஒரு வாயாவது உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அந்த வாய்க்குக் குறைவில்லாத சோறும், அடுப்பில் பொங்கி வீணாகாத பாலும், பயமில்லாத தூக்கமும் உங்கள் வீட்டில் நிறையட்டும்.