சண்முகசுந்தரத்துக்கு அனுமதி இல்லை

திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில்.

‘ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் சண்முகசுந்தரம்.’

கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் சமுதாயக் கூடம் முழுக்கப் பாதியில் நின்றன. மேடையில் மவுஸைப் பிடித்தபடி நின்றிருந்த சண்முகசுந்தரம், அந்த வரியை ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை வாய்விட்டும் படித்தார். பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர். இணையதளத்தைத் திறந்து வைக்க வந்தவரும் அவர்தான்.

“எனக்கு அனுமதி இல்லையா?” என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். குரல் தாழ்ந்தால்தான் பயம்.

லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அருள்மொழி தலையை நீட்டினாள். “அது நீங்க இல்ல சார். டேட்டாபேஸ் யூசர்.”

“சண்முகசுந்தரம்னு போட்டிருக்கே.”

“உங்க பேரைத்தான் வெச்சேன் சார். ஒரு மரியாதைக்கு.”

முன்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அருள்மொழிக்குச் சுரங்க நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் தட்டச்சு வேலை. பக்கத்து வீட்டு அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் தேடி பிளாக் முழுக்கக் கதவு தட்டிய நாளில்தான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. என்ன ரத்த வகை வேண்டும் என்று கேட்டால், அந்த வகை உள்ளவரின் போன் நம்பரை உடனே சொல்லும் ஒரு பக்கம். சமையல் முடிந்த பிறகு, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டாள்.

வீட்டில் முதன்முதலாக அந்த ஸ்கிரிப்ட் டேட்டாபேஸைப் போய்த் தொட்டு, ‘கனெக்டட்’ என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்த சாயங்காலம், அவள் கணவன் சசிகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவன், துண்டோடு வந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன வந்துச்சு?”

“கனெக்டட்னு வந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

அவளுக்கு அது அவ்வளவுதான் இல்லை. கல்யாணமான புதிதில் சசிகுமார் அவளைச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப்போயிருந்தான். கீழே, ஒரு தெருவையே தூக்கி வைக்கலாம் போன்ற எந்திரம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அது சுரண்டிய நிலக்கரி பெல்ட்டில் ஏறி, கண்ணுக்கு எட்டாத தூரம் போய், யாரோ ஒருவர் வீட்டில் விளக்காக எரிகிறது என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். அன்றைக்கு அவளுக்குப் பேச்சு வரவில்லை. இன்னார் வந்திருக்கிறேன், இதுதான் என் கடவுச்சொல் என்று ஒரு வரி எங்கேயோ போய்ச் சொல்ல, அங்கே இருட்டில் ஒரு கதவு திறந்து, உள்ளே இருக்கும் மனிதர்கள் வரிசையாக எழுந்து வருவதைப் பார்த்தபோதும் அதே மாதிரிதான் இருந்தது.

இப்போது அந்தக் கதவு மூடியிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், இது ஒரு ஸ்கிரிப்ட். நீங்க ரத்த வகையைக் கேட்டா இது போய் டேட்டாபேஸ் கதவைத் தட்டும். பேரும் பாஸ்வேர்டும் சரியாச் சொன்னாத்தான் உள்ள விடும்.”

“என் பேரைச் சொல்லியுமா விடல?”

“ஒரு நிமிஷம் சார்.”

அவசரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். வீட்டு லேப்டாப்பில் ‘ரூட்’ என்ற பெயருக்குத் திறக்காத கதவே கிடையாது. ஸ்கிரிப்டில் சண்முகசுந்தரத்தை அழித்துவிட்டு ரூட் என்று அடித்தாள். ஆனால் இது வீட்டு லேப்டாப் இல்லை. எங்கேயோ ஒரு ஊரில் வாடகைக்கு எடுத்த சர்வர்.

‘ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் ரூட்.’

“ரூட் யாரு?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“பக்கத்து பிளாக் செகரட்டரியா இருக்கும்,” என்றார் இன்னொருவர்.

சண்முகசுந்தரத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அவனுக்கும் இல்லையா. சரி.” பிறகு மறுபடி இருண்டது. “அது இருக்கட்டும். என் பேரை எடுத்துட்டு எதுக்கு அவன் பேரைப் போட்டீங்க?”

அருள்மொழி பதில் யோசிப்பதற்குள் வாசலில் சலசலப்பு. பூட்ஸும் தூசி படிந்த சட்டையுமாக ஓர் இளைஞன் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிவந்தான். சிலம்பரசன் என்று பெயர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மூச்சு வாங்கியது.

“இங்க ரத்தம் குடுக்கறவங்க நம்பர் கிடைக்கும்னு சொன்னாங்க. எங்க வூட்ல செவ்வந்திக்குப் பிரசவம்ங்க. ஆபரேசன் பண்ணணுமாம். ஓ நெகட்டிவ் ரத்தம் ரெடியா இருந்தாத்தான் ஆவும்னுட்டாங்க. காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கோம். என் போன்லயும் சார்ஜ் போயிடுச்சு.”

கூடத்தில் யாரும் இருமவில்லை.

அருள்மொழி திரையைப் பார்த்தாள். இந்தப் பிளாக்கில் ஒரு ஓ நெகட்டிவாவது இருக்கும். வீடு வீடாகப் போய், ஆண்கள் ஷிப்டில் இருந்த நேரத்தில், வீட்டிலிருந்த பெண்களிடம் கேட்டு அவளே ஏற்றியவை அந்த விவரங்கள். உள்ளே இருக்கிறார்கள். கதவுதான் திறக்க மறுக்கிறது.

“திறங்க,” என்றார் சண்முகசுந்தரம். இந்தமுறை கௌரவத்துக்காகச் சொல்லவில்லை.

திறக்கும்வரை விடாமல் தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்றால் பக்கம் தானாகவே திரும்பத் திரும்ப முயற்சி செய்யும்படி ஒரு வரி சேர்த்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள். “எல்லாரும் உங்க போன்லயும் இந்தப் பக்கத்தைத் திறந்து வைங்க. யாருக்கு முதல்ல நம்பர் வருதோ அவங்க சொல்லுங்க.”

கூடம் முழுக்கப் போன்கள் வெளியே வந்தன. கண்ணாடி தேடியவர்கள், பேரனைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் திறந்தார்கள். அருள்மொழியின் லேப்டாப்புக்கு சசிகுமாரின் போனிலிருந்துதான் இன்டர்நெட். ஜன்னலோரம் நாற்காலி மேல் ஏறி, சிக்னலுக்காகப் போனை உயரப் பிடித்தபடி அவன் நின்றான்.

“கை வலிக்குது.”

“அசையாதீங்க.”

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சர்வர்காரர்கள் எந்தப் பெயரையும் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. முன்னால், வாடகைக்கு எடுத்தவரின் கணக்கு எழுத்துகளை ஒட்டிவிடுவார்கள்.

“சார், கண்டுபிடிச்சிட்டேன். உங்க பேர் சரிதான். முன்னாடி இனிஷியல் மாதிரி ஒண்ணு சேர்க்கணும். அது இல்லாததாலதான் விடல.”

சண்முகசுந்தரம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “நான் எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன். நோட்டீஸ்ல ஆகட்டும், பேனர்ல ஆகட்டும், இனிஷியல் இல்லாம என் பேரை எழுதாதீங்கன்னு.”

அருள்மொழி ரூட்டை அழித்து, சண்முகசுந்தரத்தைத் திரும்பப் போட்டு, முன்னால் இனிஷியலைச் சேர்த்தாள். சேமித்தாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்.’

“இது என்னம்மா புதுசா?”

இப்போது பெயர் சரி, பாஸ்வேர்ட் சரி, கதவும் திறந்துவிட்டது. ஆனால் கூடத்தில் இருக்கும் அத்தனை போன்களும் அவள் எழுதிய வரியின்படி ஓயாமல் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. யாரும் உள்ளே போக முடியவில்லை.

“எல்லாரும் தயவுசெஞ்சு மூடிடுங்க. கூட்டம் அதிகமாயிடுச்சு.”

யாரும் மூடவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றும் நம்பர் தன் போனில்தான் முதலில் வர வேண்டும் என்று ஒவ்வொருவரும் இன்னும் வேகமாகத் தேய்த்தார்கள். “நீ மூடு, எனக்கு வர்ற மாதிரி இருக்கு,” என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் பதிலுக்கு, “எனக்குப் பாதி வந்துட்டுது,” என்றார்.

சிலம்பரசன் மேடைப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நாற்காலி மேலிருந்து சசிகுமார் அவனைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கையை இறக்காமலே, ஷிப்டில் பெல்ட் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் சொன்னான்.

“பந்தி போட்டாச்சு. முதல் பந்தியிலதான் வடை.”

நாற்காலிகள் நகர்ந்தன. போன்கள் சட்டைப் பைக்கும் இடுப்புக்கும் போயின. மூச்சு விடும் நேரத்தில் கூடம் காலியாகி, பக்கத்துச் சாப்பாட்டு அறையில் இலை விரிக்கும் சத்தம் கேட்டது. மிஞ்சியது மின்விசிறியும் நான்கு பேரும்.

திரை ஒருமுறை வெளுத்தது.

பிறகு வந்தது. எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், வெள்ளைப் பின்னணியில், ஒரே ஒரு வரியாக. ஓ நெகட்டிவ். அதற்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

அருள்மொழி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தொட்டால் கலைந்துவிடுமோ என்று இருந்தது. எங்கேயோ பெயர் தெரியாத ஊரில், பார்த்தேயிராத ஓர் எந்திரம், இந்தக் கூடத்தில் ஒருவன் தவித்ததற்குப் பதில் சொல்லியிருந்தது. இத்தனை குவார்ட்டர்ஸ், இத்தனை வீடு, அதில் ஒரே ஒருவர். அவருடைய உடம்பில் ஓடுகிற ரத்தத்தை அவரைக் கேட்காமலே இந்தத் திரை அறிந்து வைத்திருந்தது.

சிலம்பரசன் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டான். அதைப் பார்த்து சசிகுமாரும் நாற்காலியிலிருந்து பாதி இறங்கிவிட்டான்.

“நீங்க இறங்காதீங்க,” என்றாள் அருள்மொழி. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

சண்முகசுந்தரம் கூட மெதுவாகத்தான் பேசினார். “வந்துடிச்சே. நெஜமாவே வந்துடிச்சே.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “பேர் எங்கம்மா?”

“பேர் காட்டக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. லேடீஸ் பேரெல்லாம் இருக்கு, நம்பர் மட்டும் போதும்னு.”

“ஆமா, சொன்னேன். நல்லதுதான். நானே பேசறேன். தலைவர் பேசறேன்னு சொன்னாத்தான் உடனே கிளம்பி வருவாங்க.”

திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் படித்து, தன் போனில் அழுத்திக் காதில் வைத்தார். மூவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“பிஸின்னு வருது.”

மறுபடி அழுத்தினார். “பிஸி.”

“நானும் பாக்கறேன் சார்.” அருள்மொழி தன் போனில் அடித்தாள். அவர் மூன்றாம் தடவையாகக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். “எனக்கும் பிஸிதான்.”

“யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்கான் இந்த ஆளு?”

“இன்னொரு வாட்டி போடுங்க சார்,” என்றான் சிலம்பரசன். “டாக்டர் அம்மா காத்துக்கினு இருக்காங்க.”

அவர் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். பிஸி. மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவரை அருள்மொழி பல கூட்டங்களில் பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குழாய்க்காகவும் தெருவிளக்குக்காகவும் அவர் பேசும்போது குரலில் ஒரு மேடை இருக்கும். இப்போது அது இல்லை.

“ஒரு தாயும் புள்ளையும் உயிரைக் கையில புடிச்சிக்கினு கெடக்கறாங்க. இவன் என்னடான்னா ஊர்க்கதை பேசறான். இவன் உடம்புல ஓடறது எப்பேர்ப்பட்ட ரத்தம். இந்த பிளாக்லயே ஒருத்தனுக்குத்தான் கடவுள் குடுத்திருக்கான். அந்த மதிப்பு தெரியுதா பாரு இவனுக்கு.” மறுபடி காதில் வைத்தார். “பிஸி. மனுசனே இல்ல இவன்.”

“கோவப்படாதீங்க சார்.”

“கோவம் இல்லம்மா. வருத்தம். பேரை எடுங்க. இனிமே ரூல்ஸ் பாக்க வேணாம். எந்த வூடுன்னு பாருங்க. நானே போயி, வாசல்லயே நின்னு, கையைப் புடிச்சி இழுத்துக்கினு வரேன். வரமாட்டேன்னா கால்ல வேணாலும் விழறேன்.”

அருள்மொழிக்கு அவர்மேல் முதன்முறையாக உண்மையான மரியாதை வந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து, பெயரையும் காட்டும்படி மாற்றத் தொடங்கினாள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் மறுபடி கதவு மூடிக்கொள்ளும். சண்முகசுந்தரம் அவள் தலைக்கு மேல் நின்று, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து அவருடைய மனைவி விஜயலட்சுமி வந்தார். கணவருக்காக எடுத்து வைத்த வடை இரண்டு ஒரு தட்டில் இருந்தது. வாசலிலேயே நின்றார். சுவர் அளவு பெரிதாகத் தெரிந்த நம்பரை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு பற்களைக் கடித்த கணவரைப் பார்த்தார்.

“ஏங்க, உங்க புது நம்பருக்கு நீங்களே எதுக்கு போன் போட்டுக்கினு இருக்கீங்க?”