போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்

பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல வகை. பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் புலம்புகிறவர் ஒரு வகை, சேர்க்க இடம் கிடைக்காமல் புலம்புகிறவர் ஒரு வகை, சின்ன வயதில் பிரம்படி வாங்கியதால்தான் தான் ஆளானதாகச் சொல்லித் திரிகிறவர் இன்னொரு வகை. இவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாம் கடந்துபோய்விடலாம். கடக்க முடியாத வகை ஒன்று உண்டு. அவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

எங்கே போய்? உலகத்திலேயே பிள்ளைகள் நன்றாகப் படிக்கிற நாட்டுக்கு. எந்த நாடு என்று கேட்காதீர்கள். அது வருஷத்துக்கு வருஷம் மாறும். போய்ப் பார்க்கிறவர் மட்டும் மாறமாட்டார். 'வெயில் கொளுத்துது' என்று நீங்கள் பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'அங்கேயெல்லாம் யாரும் வெயிலைப் பத்திப் பேசறதே இல்லை' என்பார். பிறகு ஒரு பெருமூச்சு. நீயெல்லாம் எங்கே உருப்படப் போகிறாய் என்பது அதன் பொருள்.

இந்த வகையில் ஓர் உருப்படி ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வாய்த்திருந்தார். மேலிடம் அவரை ஒரு வாரம் அனுப்பிவைத்தது. போகும்போது ஒரு பெட்டி. வரும்போது அதே பெட்டி, கூடவே ஒரு கைப்பேசி நிறையப் படங்கள். அந்தப் படங்கள்தான் இரண்டாம் வகுப்பு டீச்சரின் தலையில் விடிந்தன.

இரண்டாம் வகுப்பு டீச்சர் அந்தப் பள்ளிக்குப் புதுசு. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாமலே வளர்ந்தவள். அதனால் தெரிந்தவர் மாதிரி யார் பேசினாலும், தப்பு தன் பக்கம்தான் இருக்கும் என்று முதலில் தன்னையே துருவிப் பார்த்துக்கொள்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பருவம் முடிவதற்குள் ஓர் அதிகாரி வருவார். பிள்ளைகள் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை நீட்டுவார். அவர் கைகாட்டுகிற பிள்ளை அதை வாசிக்க வேண்டும். வாசித்தால் வேலை நிற்கும். இல்லையென்றால் டீச்சர் வீட்டுக்கு.

அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே மூச்சு வாங்கும். அவள் கண்டுபிடித்திருந்த வழி ஒன்றே ஒன்று: தினமும் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டு வாசிப்பது, பிறகு ஒவ்வொருவராக, திக்கினால் காத்திருந்து, மறுபடி எல்லோரும் சேர்ந்து. கூரை அதிரும். ஆனால் திக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரிக்கு வரி தாவ ஆரம்பித்திருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் திரும்பி வந்தார்.

முதல் நாள் ஆசிரியர்களை உட்காரவைத்துப் படம் காட்டினார். வகுப்பறை, வகுப்பறை, நடைபாதை, மறுபடி வகுப்பறை. எல்லாம் கண்ணாடி மாதிரித் துடைத்துவைத்தவை. நாற்காலிகள் கவிழ்ந்து மேசைகள்மேல் ஏறியிருந்தன. அங்கேயெல்லாம் பிள்ளைகள் நின்றுகொண்டுதான் படிக்கிறார்கள், உட்கார்ந்தால் மூளையும் உட்கார்ந்துவிடும் என்று விளக்கினார். அடுத்த படத்தில் அவரோடு கைகுலுக்கிக்கொண்டு, ஒரு கையில் துடைப்பமும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒருவர் நின்றார். அவர்தான் அங்கே தலைமையாசிரியராம். அங்கேயெல்லாம் தலைமையாசிரியரே தரை துடைக்கிறார் என்று சொன்னபோது இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் இவரும் துடைத்தார். அதற்கு மறுநாள், பொறுப்பைப் பகிர்ந்துகொடுப்பதும் அங்கே ஒரு பாடம் என்று சொல்லித் துடைப்பத்தைக் கணக்கு வாத்தியார் கையில் கொடுத்துவிட்டார்.

சீர்திருத்தம் மளமளவென்று நடந்தது. நாற்காலிகள் மேசைமேல் ஏறின. பிள்ளைகள் நாற்காலிக் கால்களுக்கு நடுவே முகத்தை நுழைத்து, கூண்டுக்குள் இருக்கிற கிளிகள்போலக் கரும்பலகையைப் பார்த்தார்கள். மணி நின்றது, அங்கேயெல்லாம் ஒருமுறைகூட மணி அடித்து அவர் கேட்கவில்லை. அதனால் கணக்கு வாத்தியார் காலையில் தொடங்கிய ஒரு வகுத்தல் கணக்கைச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வகுத்துக்கொண்டிருந்தார். அங்கே வாசலில் இருந்த செருப்பு அலமாரியில் ஒற்றைச் செருப்புக்கூட இல்லை. ஆகவே பிள்ளைகளும் டீச்சர்களும் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

எல்லாவற்றுக்கும் சிகரம், அமைதி. அங்கேயெல்லாம் குண்டூசி விழுந்தால் கேட்குமாம். இவர் சட்டைப் பையில் குண்டூசி டப்பாவோடு நடைபாதையில் உலாவினார். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஓர் ஊசியைப் போடுவார். உள்ளே தலையை நீட்டி, கேட்டதா என்பார். கேட்காத வகுப்புக்குக் கரும்புள்ளி. ஊசிப் பாடமும் வெறுங்கால் பாடமும் அதே நடைபாதையில் சந்தித்துக்கொண்ட கதையை நான் விவரிக்கப்போவதில்லை. கத்தக்கூடக் கூடாது என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

இரண்டாம் வகுப்பில் வாசிப்பு நின்றுபோயிற்று. கண்ணால் மட்டும் வாசிக்கச் சொன்னாள் டீச்சர். பிள்ளைகள் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரத்தில், தாவிக்கொண்டிருந்த பிள்ளைகள் திக்க ஆரம்பித்தன. திக்கிக்கொண்டிருந்தவை வாயையே மூடிக்கொண்டன. அப்போதும் என்ன நினைத்தாள் தெரியுமா? தனக்குத்தான் அமைதியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள். அத்தனை பெரிய நாடு தப்பாகச் செய்யுமா?

முடிச்சை அவிழ்த்தவர் கணக்கு வாத்தியார். தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் படத்துல ஒரு பிள்ளையாவது இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். இல்லை.

"லீவுல போயிருக்காரும்மா. அனுமதி லேட்டா வந்துச்சுல்ல, இவர் போய் இறங்கறதுக்குள்ள அங்க பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. கூட்டித் துடைக்கிற ஆளு பாவப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்காரு."

"இதை நீங்க அவர்கிட்ட சொல்லலாம்ல சார்?"

"சொன்னா துடைப்பத்தோட வாளியும் சேர்ந்து வரும்."

அன்று மாலை அவளே போனாள். ஓர் உண்மையைச் சொல்லப் போகிறவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்பது, வேலைக்கு ஒரு கையெழுத்து பாக்கி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பே போடவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே அவர் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்தப் படத்துலல்லாம் பிள்ளைங்களே இல்லையே."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு பெரிய மலர்ச்சி.

"இதைக் கேக்க ஒரு ஆள் வராதான்னு இருந்தேன். அதாம்மா அங்க இருக்கிற அடக்கம். படத்துலகூட வர மாட்டாங்க."

உண்மை என்பது சுவரில் எறிந்த பந்துபோல அவள் கைக்கே திரும்பி வந்துவிட்டது. பேசாமல் எழுந்திருக்கலாம். எழுந்தால் வேலை போகும். அதைவிட, பிள்ளைகள் ஊமையாகவே மூன்றாம் வகுப்புக்குப் போகும். அப்போது அவர் அடுத்த படத்தைத் தள்ளினார். வெறும் முற்றம், நடுவில் ஒரு பெரிய மரம். ஒரு குருவிகூட இல்லை. அவள் வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இதுலயும் யாரும் இல்ல பாருங்க சார். எல்லாரும் மரத்துக்குப் பின்னாடி போய்ச் சத்தமா வாசிச்சிட்டிருப்பாங்க. அதனாலதான் உள்ள அவ்வளவு அமைதி."

அவர் படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தார். மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயல்வதுபோலக் கழுத்தைச் சாய்த்தார்.

"நாளைக்கு இதைச் சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார்.

மறுநாளே மரப்பாடம் அமலுக்கு வந்தது. அந்தப் பள்ளியில் இருந்ததும் ஒரே மரம். மதில் ஓரமாக, வாகாகப் பெருத்த அடிமரத்தோடு நின்றது. காலை முதல் மாலைவரை வகுப்புகள் முறைவைத்து அதன் பின்னால் போய்க் கத்திவிட்டு வந்தன. முதல் முறை இரண்டாம் வகுப்புக்கு. டீச்சர் பழையபடி எல்லோரையும் சேர்த்து வாசிக்கவைத்தாள், ஒவ்வொருவராக வாசிக்கவைத்தாள், திக்கியவர்களுக்காகக் காத்திருந்தாள். மதில்மேல் எழுதியிருந்த சிமெண்டு விளம்பரத்தைக்கூட விடவில்லை. மூடிய வாய்கள் திறந்தன.

அதிகாரி வந்தார். நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரிந்த முகங்களில் ஒன்றைக் கைகாட்டிப் பக்கத்தை நீட்டினார். அது, வாயே திறக்காமல் இருந்தவளாயிற்றே என்று டீச்சர் ஓரடி முன்னால் வந்தாள். அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள்.

"இங்க வாசிக்கக் கூடாது சார். மரத்துக்குப் பின்னாடி வாங்க," என்றாள்.

அதிகாரி போனார். வேறென்ன செய்வார்? கொளுத்துகிற வெயிலில் முற்றத்தைக் கடந்து, சட்டை நனைய மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அவள் முதல் வரியில் திக்கினாள். டீச்சர் காத்திருந்தாள். பிறகு அந்தப் பெண் தெருவுக்கே கேட்கிற மாதிரி முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள். அதிகாரி அடிமரத்தில் தாளை வைத்தே டீச்சரின் வேலையை நிரந்தரம் செய்து கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் எழுதினார்: மரம்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து, தூரத்துப் பள்ளிகளிலிருந்து, அவரவர் தலைமையாசிரியரோடு. அடிமரத்தை நாடாவால் அளந்தார்கள். ஓர் இலையைப் பறித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்தாரிடம் டீச்சர் உள்ளபடியே சொன்னாள்: மரத்துக்கு இதில் வேலை இல்லை, தினமும் வாய்விட்டு வாசிக்கவைக்க வேண்டும், திக்குகிற பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தாரிடமும் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒரு டீச்சர், இவளைப்போலவே புதுசு, கண் நிறைய நம்பிக்கையோடு கேட்டாள், மரத்துக்கு எந்தப் பக்கம் நின்றால் நல்லதென்று.

"கிழக்குப் பக்கம்," என்றாள் நம் டீச்சர்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவளுக்கு முதுகுத்தண்டு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வு பிடித்திருந்தது என்பதுதான் அவளை அன்று முழுக்கத் தொந்தரவு செய்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, 'அவங்க பிள்ளைங்களைப் பாரு, டிவி பக்கமே போகலை, தரையில உக்காந்து கதை பேசிட்டிருக்குதுங்க' என்று உங்கள் பிள்ளைகளை ஒரு பிடி பிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் கரண்ட் இல்லை.