கூடையில் வந்த மருமகள்

கல்யாணத்துக்கு மகன் இருக்கிற வீட்டில் எந்தப் பேச்சும் நேராகக் காதில் விழாது. கேஸ் சிலிண்டர்காரர் "எப்பங்க வரட்டும்?" என்று கேட்டால்கூடப் பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்கிறாப்பலத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. (எங்க சொந்தக்காரங்க இன்னும் சிரிச்சு முடிக்கலை.)

என் மகன் செந்திலுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கோயமுத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை, சொந்த வீடு, பீடி சிகரெட்டு கிடையாது. ஆனாலும் பொண்ணு அமையவில்லை. எங்கள் பக்கம் இப்போது பையன்கள் அதிகம், பொண்ணுகள் குறைச்சல். பொண்ணைப் பெற்றவர்கள் வருவார்கள், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், "செரிங்க, போன் பண்றங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் போன் வரவே வராது. வராத போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்கு முட்டிவலி வந்ததுதான் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தான். மேசைமேல் அவன் போன் அடித்தது. இங்கிலீசில் என்னமோ பேர் வந்தது. எனக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீசு என்றால் கோழி கிளறி வைத்த மாதிரி. பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தேன்.

"செந்தில் சார் ஊடுங்களா?" என்றது ஒரு பொம்பளைக் குரல்.

"ஆமாங்க, அவங்கம்மா பேசறேன்."

"நல்லதாப் போச்சுங்கம்மா. பொண்ணு விசயமாத்தான் கூப்புட்டேன். நம்ம பவித்ரா. சாரு வந்து பாத்தாருங்களே, அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க."

பார்த்தும் ஆச்சு, புடிச்சும் போச்சு, பெத்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை! ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுபோலவே, "கொணம் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"தங்கமுங்கம்மா. கூச்சந்தான் சாஸ்தி. புது ஆளுகளைக் கண்டா கட்டிலுக்கு அடியில போயிப் பூந்துக்கும்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொண்ணா என்று மனசு குளிர்ந்தது. (என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நானும் பருத்தி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சவதான்.)

"அப்பா அம்மா?"

"யாருமில்லீங்கம்மா. நாங்கதான் வெச்சுப் பாத்துக்கறோம்."

சரி, அனாதைப் பிள்ளை. அடுத்தது கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்றால் எங்களில் குலம். ஒரே கூட்டத்துக்குள் பொண்ணு எடுத்தால் அண்ணன் தங்கச்சி கணக்காகிவிடும். அதனால் பேரைக் கேட்கிறமோ இல்லையோ, கூட்டத்தைக் கேட்டுவிடுவோம்.

"ஐயோ, கூட்டமே ஆகாதுங்கம்மா!" என்றது அந்தக் குரல். "கூட்டமுன்னாலே அதுக்குப் பயம். மொதல்ல ஒரு ஊட்டுல குடுத்தமுங்க. அங்க ஒரே கூட்டம். சோறே திங்கலை. திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டோம்."

"ஏற்கெனவே ஒரு ஊட்டுல குடுத்தீங்களா?"

"ரெண்டு ஊடுங்கம்மா. ரெண்டும் சரிப்படலை."

ஒரு காலத்தில் பொண்ணுக்குக் குரல் கரகரப்பாக இருக்கிறது என்று வேண்டாம் சொன்னவள் நான். அந்தத் திமிரெல்லாம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை நான் ஊடு பாக்க வரலாமுங்களா?"

"வாங்க," என்று என் வாய் சொன்னது. அதோடு நிற்காமல், "பொண்ணு என்னங்க சாப்புடும்?" என்றும் கேட்டது.

"மீனுன்னா உசுருங்க."

செந்தில் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "ஞாயித்துக்கெழமை பவித்ரா விசயமா ஊடு பாக்க வாராங்களாமா," என்றேன். துண்டு அப்படியே தலையில் நின்றது.

"அம்மா... நீ திட்டுவீன்னு நெனச்சேன்."

"எங்க கண்ணு பாத்தே?"

"உக்கடத்துக் கொளத்துப் பக்கம்மா. நல்ல மழை. வண்டிக்கடை ஓரமா நனஞ்சு நடுங்கிட்டு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, இப்பப் பேசுன அந்த அம்மணிக்குப் போன் பண்ணிச் சேத்துவிட்டேன். அப்பப்பப் போயிப் பாத்துட்டு வருவேன்."

"உங்கிட்டப் பேசுதா?"

"வேற யாருகிட்டயும் வராதும்மா. என்னைக் கண்டா மட்டும் ஓடி வந்து மடியில படுத்துக்கும்."

கல்யாணத்துக்கு முன்னாலயே மடியில!

"உனக்குச் சம்மதந்தானம்மா?" என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இனி நான் சம்மதிச்சா என்ன, சம்மதிக்காட்டி என்ன," என்றேன்.

ஊடு பாக்க வருகிறார்கள் என்றால் நெருங்கின சொந்தம் இருக்க வேண்டும். பல்லடத்திலிருந்து என் நாத்தனாரையும் அவர் ஊட்டுக்காரரையும் வரச் சொன்னேன். நாத்தனாரை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நங்கை பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்கள். ரெண்டு ஊட்டு விசயத்தை நான் மூச்சு விடவில்லை.

"ஏஞ் சரசு, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு மொத நாளே மீன் கொழம்பா?"

"பொண்ணுக்கு மீனுன்னா உசுருங்க நங்கை."

"எங்கூட்டு மருமக வந்த புதுசுல முட்டையைக்கூடத் தொடலை." (தொட்டாள். நான் பார்த்தேன்.)

வாழையிலை வாங்கச் செந்தில் கடைக்குப் போனான். அவன் போன நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. பேண்ட் போட்ட ஒரு அம்மணி, கையில் துணி போட்டு மூடின பெரிய கூடையோடு இறங்கியது. வேறு யாருமில்லை. சரி, பொண்ணு பின்னால் வரும்போல இருக்கு என்று நினைத்துக் கூடையை வாங்கினேன். நல்ல கனம்.

"எதுக்குங்க இதெல்லாம்," என்றேன். பழக்கூடை வாங்குகிறவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டுமில்லையா?

"பாத்துங்கம்மா, ஆட்டாதீங்க. சத்தமில்லாத எடமா வையுங்க."

முறைப்படி சாமி ரூமில் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த அம்மணி உட்காரவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. ஜன்னலை இழுத்துப் பார்த்தது.

"இதுக்கெல்லாம் வலை அடிச்சறோணுமுங்க. இல்லாட்டிக் குதிச்சு ஓடிரும்."

நங்கை என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

"மொதல்ல கொஞ்ச நாளைக்குத் தனி ரூமுல போட்டுக் கதவைச் சாத்தி வெக்கோணுமுங்க. யாரும் கிட்டப் போகக் கூடாது. புடிக்கப் போனா நகத்துல கீறிரும்."

நங்கை வாயில் பாதி பஜ்ஜி நின்றது.

"அப்பறமுங்கம்மா, கருத்தடை ஆபரேசன் நாங்களே பண்ணியாச்சு. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாமுங்க."

"ஏஞ் சரசு!" என்று நங்கை எழுந்துவிட்டார்கள்.

"பொண்ணு எங்கீங்க? மொதல்ல பொண்ணைக் கண்ணுல காட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மணி முழித்தது. "உங்க கையிலதானுங்கம்மா குடுத்தேன்!"

எல்லோரும் சாமி ரூமுக்கு ஓடினோம். அம்மணி துணியைத் தூக்கியது. கூடையின் மூலையில் ஒரு வெள்ளைப் பூனை. ஒரு காது மட்டும் கருப்பு. கூடையோடு கூடையாக ஒட்டி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாக நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பொண்ணுகளையும் வருது, போகுது, சாப்புடுது என்றுதான் பிரியமாகப் பேசுவோம். அந்தப் பிரியம் என்னை நடுச்சபையில் நிறுத்திவிட்டது.

"பவித்ரா வந்துருச்சா?" என்று இலைக்கட்டோடு செந்தில் உள்ளே வந்தான்.

"வந்துருச்சு சாமி," என்றார்கள் நங்கை. "பூனை பாக்கவா நான் பட்டுச்சேலை கட்டிப் பஸ்சேறி வந்தேன்? ஏஞ் சரசு, பொண்ணு கெடைக்கலீன்னு பூனையாப் பாத்துப்போட்டயா? ஊரு சிரிக்கறதுக்கு முன்னால திருப்பி அனுப்பிப்போடு!"

அப்போதுதான் செந்திலுக்கு விசயம் புரிந்தது. என்னைப் பார்த்தான். மீன் குழம்பைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அந்த அம்மணி மெதுவாகத் துணியை இழுத்து மூடியது. "பரவாயில்லீங்க, கூட்டிட்டுப் போயர்றேன். இதோட மூணாவது ஊடு. பயந்த பூனையை யாருக்கும் புடிக்கறதில்லீங்க. தெருவுல கெடக்கறதுகளை நாங்க கொண்டாந்து வெச்சிருக்கற எடத்துல நாய்க சத்தம், அங்கயும் இது நல்லாத் திங்கறதில்லை. பாக்கலாம்." கூடையைத் தூக்கிக்கொண்டு செந்திலிடம், "செரிங்க சார், போன் பண்றங்க," என்றது.

போன் பண்றங்க.

என் மகன் தலையைக் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "பரவால்லீங்க," என்றான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்வான்.

"அம்மணி, நில்லு," என்றேன். "ஊடு பாக்கத்தானே வந்தே? ஊடு புடிச்சுதா இல்லையா? அதைச் சொல்லிப்போட்டுப் போ."

"ஊடு ரொம்பப் புடிச்சுதுங்கம்மா."

இத்தனை வருசத்தில் எங்கூட்டைப் பார்க்க வந்தவர்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அதுதான்.

"அப்பக் கூடையைக் கீழ வெய்யி. எங்க சாமி ரூமுல கொண்டாந்து வெச்ச பொண்ணை நான் வெளிய அனுப்பறவ இல்லை. நங்கை, இலை போட்டாச்சு, சாப்புட வாங்க."

நங்கையின் ஊட்டுக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. மூக்குத்தான் கொஞ்சம் சப்பை," என்றார். நங்கைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பவித்ரா ரொம்ப நாளைக்கு வெளியே வரவில்லை. சாமி ரூமில் ஷெல்புக்குப் பின்னால் கிடக்கும். உப்புக் காரமில்லாமல் மீனை வேகவைத்து நானே கொண்டுபோய் வைப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். (மாமியார் பார்த்தா மருமகளுக்குச் சோறு எறங்குமுங்களா?) ஒரு மத்தியானம் சுண்டைக்காய் நசுக்கிக்கொண்டிருந்தேன். என் காலோரம் மெத்தென்று ஏதோ பட்டது. நான் அசையவில்லை. முட்டிவலியோடு, சுண்டைக்காய் அத்தனையும் தீர்ந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பால்காரர்கூட "மருமக நல்லாருக்குதுங்களா?" என்றுதான் கேட்கிறார். போன மாசம் நிசமாகவே ஒரு பொண்ணு ஊட்டிலிருந்து எனக்குப் போன். நங்கையின் ஊட்டுக்காரர், பல்லடத்து அண்ணனும் அன்றைக்கு எங்கூட்டில்தான் இருந்தார்.

"ஊட்டுல யார் யாருங்க?" என்று கேட்டார்கள்.

"நானு, பையன், பவித்ரா," என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"பவித்ரா யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பக்கத்திலிருந்து போனுக்குக் கேட்கிறமாதிரிச் சத்தம் போட்டார்: "மூத்த மருமகளுங்க!"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். கூட்டம்கூடக் கேட்கவில்லை.