கணக்கப்பிள்ளை கட்டிப்பிடித்த டிவி

பத்து வயதில் எனக்கு ஒரு பொய்க் காய்ச்சல் வந்தது. அது முழுதாக இறங்கப் பதின்மூன்று வருஷம் ஆனது.

தொண்ணூறுகளின் நடுவில், கொழும்புப் பையன்கள் நாலு பேர் பாடிய ஒரு சிங்களப் பாட்டு ரேடியோவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் பைத்தியம். அம்மாவுக்கு என்னைவிடப் பைத்தியம் (ஒத்துக்கொள்ள மாட்டார், தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அவர் முணுமுணுத்ததை மலையே கேட்டிருக்கிறது). அந்தப் பாட்டுக்குப் படம்பிடிக்க அந்தப் பையன்களே தெமோதரைப் பாலத்துக்கு வருகிறார்கள் என்று ஒரு புதன்கிழமை சேதி வந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பாலம் முக்கால் மணி நேர நடை.

வியாழன் விடியலில் அம்மா என் நெற்றியை அடுப்போரம் நன்றாகக் காய்ச்சி எடுத்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு இழுத்துப் போனார். அங்கே சட்டைக் காலரின் பின்னால் குடையைத் தொங்கவிட்டபடி நிற்கும் கணக்கப்பிள்ளைதான் ராஜா. பொய் சொல்லி வேலைக்கு வராதவர்களுக்கு இரண்டு வாரம் பேர் போட மாட்டார். பேர் விழாவிட்டால் கூலி இல்லை.

“புள்ளைக்குக் காய்ச்சலுங்க ஐயா. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் என் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். “அடுப்பு மாதிரில்ல கொதிக்குது. சீக்கிரம் கூட்டிட்டுப் போ.”

ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் பாலத்தருகே கூட்டத்தில் நின்றோம். அம்மா கல்யாணச் சேலையில் இருந்தார். கேமரா எங்கள் பக்கம் திரும்பியபோதெல்லாம் நான் இரண்டு கையையும் ஆட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: இது டிவியில் வருமே. எங்கள் பக்கத்தில் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அது கணக்கப்பிள்ளை வீடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அவர் வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பெரியவர்கள் ஜன்னலில் நிற்பார்கள். இப்போது நான் அங்கே காவலுக்குப் போனேன். பாட்டு வந்தால் மயங்கி விழுவதாகத் திட்டம். நாலாவது ஞாயிறு கிட்டார் ஒலித்தது, திரையில் பாலம் வந்தது, ஜன்னலில் அம்மாவின் முகம் வெளிறியது. நான் மயங்க மறந்து, பாய்ந்துபோய் வயரை இழுத்தேன்.

வயர் வரவில்லை. டிவி வந்தது.

கணக்கப்பிள்ளை ஓடிவந்து டிவியைக் கட்டிப்பிடித்தார். வந்த வேகத்தில் இடுப்புச் சாரம் அவிழ, ஒரு கையால் அதையும் மறு கையால் டிவியையும் பிடித்துக்கொண்டு நின்றார். திரை முழுக்க அவர் வயிறு. டிவி மேசையில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகும் அவர் விடவில்லை. பாட்டு அந்த வயிற்றுக்குப் பின்னாலிருந்தே கடைசி வரி வரை கேட்டது.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். யாரும் எதையும் பார்க்கவில்லை; என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. நானாகவே ஓவென்று அழுது, அடுப்பு, கல்யாணச் சேலை, பாலம், கையாட்டியது என்று அத்தனையையும் ஒப்பித்தேன்.

“பாலத்துக்கா போனீங்க?” என்றார் கணக்கப்பிள்ளை, டிவியை விடாமல். “அங்க வேற யாரையும் பாத்தியா?”

“இல்லீங்க ஐயா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“சத்தியமா யாரையும் பாக்கலீங்க.”

“சரி, போ. சின்னப் புள்ள, ஆசைப்பட்டுட்ட.”

அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு நாள் பேர்கூட வெட்டவில்லை. “மனுசன் இல்லடா, தெய்வம்” என்றார் அம்மா. அந்த வருஷத்திலிருந்து தீபாவளிப் பலகாரத்தில் முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போனது. நானோ அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவேன். அம்மாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான் என்ற நினைப்பு போகவே இல்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பாட்டை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அம்மாவை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். தனியாகப் பார்க்கப் பயம்.

நாங்கள் அதில் இல்லவே இல்லை. நாலு முறை ஓட்டினோம். நான் அத்தனை ஆட்டு ஆட்டிய கைகூட இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டைக் கொழுந்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் (கல்யாணச் சேலையாயிற்றே).

ஐந்தாவது முறை அம்மா திரையில் விரலை வைத்தார். “நிறுத்து. இது யாருடா?”

பாலத்தின் அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் ஒருவர் பல்லெல்லாம் தெரியக் கைதட்டிக்கொண்டிருந்தார். காலரின் பின்னால் குடை தொங்கியது. எங்கள் கணக்கப்பிள்ளையேதான்.

“நேத்துப் பூரா மலையில நின்னு காலு வலிக்குதுன்னு மறுநாள் பெரட்டுல சொன்னாரே இந்த மனுசன்” என்றார் அம்மா. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். என் காய்ச்சல் இறங்கியது அன்றுதான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைக்கப் பார்த்தால், “டிவிய விடுங்க ஐயா” என்போம்.

அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் எடுத்துவைக்கும்போது கேட்டேன்: “இந்த வருஷமும் அவருக்கு அனுப்பணுமாம்மா?”

“அனுப்பாம என்ன? நம்மள மாதிரியே பாட்டுப் பைத்தியம், பாவம்.” ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டார் அம்மா. “ரெண்டாவது தட்ட அனுப்பு.”