கல்யாண நாள் சிக்னல்

"மேடம், ஈர்ப்பலை வந்திருக்கு! தொலைநோக்கியைத் திருப்பட்டுமா?"

அவளைப் பார்த்துக் கேட்ட உதவியாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். விண்வெளியில் மிதக்கும் அந்தத் தொலைநோக்கிக்கு அன்று அவள்தான் பொறுப்பு. எங்கோ இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதினால், அதில் கிளம்பும் ஈர்ப்பலை பட்டு முதலில் பூமியில் இருக்கும் கருவிகள் அதிரும். உடனே தொலைநோக்கியைத் திருப்பினால் மோதலின் ஒளியைப் படம் பிடிக்கலாம். சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். அப்படி ஒரு படத்துக்காகக் காத்திருந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

"வேண்டாம்," என்றாள். "இது அவர் வேலை."

அவர் என்றால் வீட்டுக்காரர். எல்லாரும் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, ஈர்ப்பலைக் கூடத்தில் யாருக்கும் சொல்லாமல் பொய் சிக்னலை நுழைப்பதுதான் அவருடைய உத்தியோகம். கட்டிய மனைவியிடம்கூட மூச்சுவிட மாட்டார். கல்யாண நாள் வந்தால் கட்டாயம் ஒன்று வரும். இவள் அடித்துப்பிடித்துத் திருப்பி, வெறும் இருட்டைப் படம் எடுத்து, நாலு பேர் சிரித்தபின் வீட்டுக்குப் போனால், "ஏமாந்தியா?" என்றபடி கதவைத் திறப்பார்.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்று கல்யாண நாள்.

"ஆஸ்பத்திரியிலகூட லேப்டாப்பை மடியை விட்டு இறக்கலை. எனக்காகத்தான் போட்டு வச்சிட்டுப் போயிருக்கார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. நியூட்ரினோ ஆய்வுக்கூடம். "எங்களுக்கும் துகள் சிக்கியிருக்கு மேடம். அதே திசை!"

"அங்கேயும் கை வச்சிட்டாரா! விடுங்க, சோதனைதான்."

அடுத்து காமா கதிர் செயற்கைக்கோள்காரர்கள். "எங்களுக்கும் மின்னுச்சு!"

அவள் சிரித்தேவிட்டாள். உப்பு வாங்கச் சொன்னால் சர்க்கரை வாங்கி வருகிற மனுஷன், இதை மட்டும் எத்தனை கச்சிதமாகச் செய்திருக்கிறார்! பெருமை தாங்கவில்லை.

"ஒரு தடவை திருப்பிப் பார்த்துடலாமே மேடம்? நிஜமா இருந்தா?" உதவியாளர் கெஞ்சினார்.

"அவரோட குடித்தனம் பண்ணவ நான். எனக்குத் தெரியாதா?"

அதோடு விட்டாளா? மற்றவர்களும் வீணாக அலையக் கூடாதே என்று, உலகத்திலுள்ள தொலைநோக்கிக்காரர்களுக்கெல்லாம் 'இது சோதனை' என்று செய்தி அனுப்பினாள். அவர் மனைவியே சொல்கிறாள் என்று ஈர்ப்பலைக் கூடத் தலைவர்வரை நம்பிவிட்டார்கள்.

பிறகு திரையில் நெளிந்த அந்த அலைக்கோட்டின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவளுக்குத் தனியாக இருப்பதுபோல் இல்லை. "இந்தத் தடவை நான் ஏமாறலை, பாத்தீங்களா?" என்று திரையிடம் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

பொழுது சாயும் நேரத்தில், அவருடைய கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அன்று அவருக்கு லீவு.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன் அக்கா, ஓடி வந்தேன். படம் எங்கே?"

"என்ன படம்? உங்க சார் போட்டு வச்சிட்டுப் போனதுதானே!"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"இல்லையே அக்கா... 'நான் இல்லாதப்ப அவ ஏமாறக் கூடாது'ன்னு சொல்லி, போட்டு வச்சதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே என்கூட உட்கார்ந்து அழிச்சிட்டுத்தானே சார் போனாரு?"